தாய்மாமன் தலை அளவு பற்றிய விளக்கம்

வில்லாபுரம்,
ஆவணி 9, திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் அழகுபாண்டி அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் தவமணி இரு கையும் கூப்பி எழுதுவது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில், குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்க, உங்கள் தலையை நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்குவது என்று ஒருமனதாக முடிவெடுக்கப்பட்டது என்பதைத் தெரிவித்துக் கொள்கிறேன். எதிர்ப்பு எதுவும் இல்லை. பவதாரிணி மட்டும் கருத்துச் சொல்லாமல் தூங்கிவிட்டாள். அவளுக்கு மூன்று வயது என்பதால் அதை ஆதரவாகவே எடுத்துக் கொண்டோம்.

இங்கே நானும் உங்கள் தங்கை முனீஸ்வரியும் மூத்தவள் தாமரைச்செல்வியும் சின்னவளும் நலம். செக்கானூரணியில் உங்கள் நலம், அன்னக்கொடி அக்கா நலம், தோட்டத்து மோட்டாரின் நலம் ஆகியவற்றை அறிய ஆவல். போனில் என்னை நீங்கள் பிளாக் செய்து வைத்திருப்பதாலும், உங்கள் தங்கை போன் செய்தால் எடுத்துப் பேசாமல் இருமிக் காட்டிவிட்டு வைத்துவிடுவதாலும், கல்யாணமான புதிதில் எழுதியதற்குப் பிறகு முதல் தடவையாகக் கடிதம் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அது பழக்கக் குறைவே தவிர மரியாதைக் குறைவு அல்ல. மரியாதைக் குறைவு பற்றி நீங்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு யோசித்துக் கொண்டிருப்பீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் வரும் ஞாயிற்றுக்கிழமை, ஆவணி பதினைந்தாம் தேதி நடக்க இருக்கும் பவதாரிணியின் காதணி விழாவுக்கு நாங்கள் அடித்த இருபது அடிக்குப் பத்து அடி ஃபிளெக்ஸ். அதில் தாய்மாமனாகிய உங்கள் தலை நாலு சென்டிமீட்டரும், என் தம்பி விருமாண்டியின் தலை முப்பத்தாறு சென்டிமீட்டரும், விருமாண்டி கையில் பிடித்திருக்கும் கல்யாண மண்டபத்துச் சாவி பதினெட்டு சென்டிமீட்டரும் இருந்தன. இவை நானே டேப் வைத்து எடுத்த அளவுகள். கப்பலூரில் வால்வு செய்யும் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகத் தரம் பார்க்கிற வேலையில் இருப்பவன் என்ற முறையில், இதில் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கலாமே தவிர அதற்கு மேல் தவறு இருக்காது. ஆக, சாவி உங்கள் தலையைவிட நாலரை மடங்கு பெரிது. இதை நான் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, அது அவனியாபுரம் ரோட்டில் இரண்டு நாள் நின்றது.

இது எப்படி நடந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். தாமரைச்செல்வி படிப்பது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அதில் என்ன படிக்கிறாள் என்பது எனக்கே போன வருடம்தான் தெரிந்தது. வெளிச்சம் எங்கிருந்து கிளம்பி எதன் மேல் பட்டு எங்கே போய் விழுகிறது என்பதைத்தான் மூன்று வருடமாகப் படிக்கிறார்களாம். போன செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு வைகையில் கரை முட்டத் தண்ணீர் ஓடுவதைக் கம்ப்யூட்டரிலேயே செய்தாள். பதினோரு விநாடி ஓடியது. பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "இது எந்த வருசம் எடுத்தது?" என்று கேட்டுவிட்டு, தான் அப்போது கரையில் நின்றதாகவும் சொன்னார். அதற்கு முந்தைய ப்ராஜெக்ட் ஒரு டம்ளர் ஜிகர்தண்டா உருகுவது. அது உருகி முடிக்க வீட்டுக் கம்ப்யூட்டர் இரண்டு பகல் ஓடியது. அது சூடாகிவிடும் என்று வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பி வைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் அட்டையால் விசிறிக் கொண்டோம். படிப்பு போக மிச்ச நேரத்துக்கும் பழக்கங்கள் உண்டு. ரப்பரைச் செதுக்கி முத்திரை செய்வாள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து ஆட்களை முதுகுப் பக்கமாக வரைவாள். களிமண்ணில் சொந்தக்காரர்களின் தலையைப் பிடித்துக் காயவைத்து டிவிக்குப் பக்கத்தில் வரிசையாக வைப்பாள். எல்லாத் தலையும் ஒரே எலுமிச்சம்பழ அளவு. அதைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. யார் எந்தத் தலை என்று யாருக்கும் தெரியாததும் காரணமாக இருக்கலாம்.

காதணி விழா என்றதும், "ஃபிளெக்ஸ நான் பண்றேம்ப்பா" என்று அவளாகத்தான் சொன்னாள். ஊர் வழக்கப்படி தலைகளை வெட்டி ஒட்டுகிற வேலை கிடையாதாம். ஒவ்வொருத்தரையும் போனால் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, கம்ப்யூட்டருக்குள் முழு ஆளாகவே நிறுத்திவிடுவாளாம். அதற்காகத்தான் ஆடி மாதம் செக்கானூரணி வந்தாள். அன்றைக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவள் உங்களை நடு முற்றத்தில் நிற்கச் சொன்னாள். நீங்கள் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, கூலிங்கிளாஸை மாட்டிக் கொண்டு, "முதுகுப் பக்கம் எதுக்குத்தா? அந்தப் பக்கம் எவன் பாக்கப் போறான்?" என்றீர்கள். பளபளப்பான கறுப்பு எதுவும் அந்தப் படத்தில் ஏறாது, மாமா, கண்ணாடியைக் கழற்றுங்கள் என்று அவள் மூன்று முறை கேட்டாள். "கண்ணாடியக் கழட்டினா அப்புறம் அது நானா?" என்றீர்கள். இதில் யார் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் தலை முன்பக்கம் மட்டும் இருக்கிற, கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை உள்ள தலையாகக் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் பதிவு செய்கிறேன்.

அடுத்த வாரம் திருப்பரங்குன்றம் போகும் வழியில் இருக்கும் அவள் கல்லூரியில் அவள் பேச்சு. தலைப்பு, "முகம் எனும் பரப்பு". நீங்கள் வேன் வைத்து ஒன்பது பேரோடும் ஒரு பொன்னாடையோடும் வந்தது எங்களுக்குப் பெருமை. பேச்சு முடிந்த பிறகு போர்த்தலாம் என்று நான் உங்கள் காதில் சொன்னேன். "முடிஞ்சப்புறம் எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாய்ங்க மாப்ள" என்று நீங்கள் பாதியிலேயே மேடை ஏறினீர்கள். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் குறுக்கே நீங்கள் போனபோது உங்கள் நிழல் திரை முழுக்க விழுந்து கூரை வரைக்கும் ஏறியது. பொன்னாடையைக் கையில் வைத்துக் கொண்டு நீங்கள் கொஞ்ச நேரம் நின்று அந்த நிழலையே பார்த்தீர்கள். புரொபசர் இருமிய பிறகுதான் அதை அவளுக்குப் போர்த்திவிட்டு இறங்கினீர்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் உங்கள் தலையைத் திரையில் கொண்டு வந்தாள். முதலில் சுற்றிக் காட்டினாள். பின்பக்கம் திறந்திருப்பதையும் கண்ணில் ஓட்டை இருப்பதையும் காட்டி, இப்படிப்பட்ட குறைகளை எப்படி அடைப்பது என்று பத்து நிமிடம் விளக்கினாள். "இந்த மாடல் யாரு?" என்று புரொபசர் கேட்டார். மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து, "நாந்தேன்" என்றீர்கள். கைதட்டினார்கள். பிறகு, முகத்துக்கு நிறம் பூச வேண்டுமானால் தோலை ஓர் ஓரத்தில் வெட்டித் தட்டையாக விரித்துக் கொள்ள வேண்டும் என்று சொல்லி, உங்கள் முகத்தை உரித்துத் திரையில் விரித்தாள். இரண்டு கன்னமும் இரண்டு பக்கம் போய், காது ஒவ்வொன்றும் ஒரு மூலையில் கிடக்க, மீசை மட்டும் ஒன்றரை முழத்துக்கு நடுவில் நீண்டு கிடந்தது. அதற்கும் கைதட்டினார்கள். அப்போது நீங்களும் தட்டினீர்கள் என்பதை அன்போடு நினைவூட்டுகிறேன். வேனில் வந்த யாரோ அதை வீடியோ எடுத்து, "மாமா அப்பளம்" என்று பெயர் வைத்துச் சொந்தபந்தம் முழுக்க அனுப்பியதற்குக் கல்லூரியோ பாடத்திட்டமோ பொறுப்பில்லை. அது விருமாண்டி அனுப்பியது என்று நீங்கள் சொல்வதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. அவனிடம் கேட்டேன். "நாலு பேருக்குத்தேன் அனுப்புனேன்" என்றான்.

இப்போது ஃபிளெக்ஸுக்கு வருகிறேன். சீர்வரிசை ஊர்வலம் முழுசாகத் தெரிய வேண்டும், நூற்றொரு தட்டும் எண்ணினால் எண்ண வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டது நீங்கள். அவள் அப்படியே செய்தாள். மண்டப வாசலில் கேமரா. முன்னால் மேளம், அதற்குப் பின்னால் நூற்றொரு தட்டு ஏந்திய நூற்றொரு பெண்கள், கடைசியில் வெண்கொற்றக் குடைக்குக் கீழே தாய்மாமன். வாசலில் வரவேற்க சித்தப்பன் விருமாண்டி. அவன் அங்கே நிற்பதற்குக் காரணம், அந்த மண்டபம் சிங்கப்பூரில் இருக்கும் அவன் கூட்டாளியுடையது, அதன் ஒரே சாவி அவனிடம்தான் இருக்கிறது. மண்டபத்தை இலவசமாக வாங்கிக் கொடுத்ததால் சாவியைக் கையில் பிடித்த மாதிரிதான் படம் எடுக்க வேண்டும் என்று கேட்டான். கிட்டத்தில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரிவது உலக நடப்பு என்பது தாமரைச்செல்வியின் வாதம். சொந்தத்தில் அப்படி நடப்பதில்லை என்பது உங்கள் தங்கையின் வாதம். ஃபிளெக்ஸைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஏங்க, எங்க அண்ணனுக்கு இம்புட்டுத்தானா தலை? உங்க தம்பி சாவியவே அம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கீக" என்பது.

நீங்கள் அன்னக்கொடி அக்கா மூலமாகச் சொல்லி அனுப்பிய வார்த்தையும் வந்து சேர்ந்தது. "நான் வரல. அந்தச் சாவிக்காரன் மடியிலயே புள்ளைய உக்கார வச்சுக் காதக் குத்திக்கிரச் சொல்லு." மச்சான், இதை நீங்கள் கோபத்தில் சொன்னதாகவே எடுத்துக் கொள்கிறேன். தாய்மாமன் மடியில் உட்காராமல் நம் வகையறாவில் இதுவரை ஒரு காதும் குத்தப்பட்டதில்லை. தாமரைச்செல்விக்குக் குத்தும்போது அவள் உங்கள் பட்டு வேட்டியில் செய்த காரியத்தைக்கூட நீங்கள் பெருந்தன்மையாக இந்தப் பதினெட்டு வருடத்தில் விசேஷ வீடுகளில் மட்டுமே சொல்லியிருக்கிறீர்கள். பவதாரிணியோ பதினேழு வருடம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் பிறந்தவள். உங்கள் தேதிக்காகவே மூன்று வருடம் காது மூளியாக நிற்கிறாள். தோடு வாங்கி பீரோவில் இருக்கிறது. தினம் காலையில் அதை எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மாமா எப்ப வரும்?" என்று கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லி வைத்திருக்கிறோம். நீங்கள் வராவிட்டால் காது குத்துவதில்லை என்று உங்கள் தங்கை தீர்மானமாக இருக்கிறாள். ஆசாரியிடமும் சொல்லிவிட்டாள்.

ஆகவே சரி செய்ய முயன்றோம். நிற்கிற இடத்திலேயே மாமாவைப் பெரிதாக்கு என்றேன். "அங்கனயே பெருசாக்கினா ஆள் அம்பத்தேழு அடி உசரம் வருவாரேப்பா" என்றாள். எவ்வளவு உயரமானாலும் பரவாயில்லை, தலை விருமாண்டி தலைக்கு மேல் இருக்க வேண்டும் என்றேன். ஆக்கினாள். உங்கள் மீசைக்கு மட்டும் கம்ப்யூட்டர் பதினான்கு மணி நேரம் எடுத்துக் கொண்டது, ஒவ்வொரு முடியாகப் போட வேண்டுமாம். விருமாண்டிக்கு வழுக்கை என்பதால் அவன் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டான். யாருக்கு யார் எவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பதை நீங்கள் இதை வைத்து எடை போட வேண்டும். ஆனால் படம் வந்ததும் திகைத்துப் போனோம். அவள் மாலை வெயிலை உங்களுக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஐம்பத்தேழு அடி ஆளின் நிழல் ஊர்வலத்தையும் மேளத்தையும் வாசலையும் தாண்டி வந்து எல்லோர் மேலும் விழுந்துவிட்டது. நூற்றொரு பெண்களும் உங்கள் முழங்காலுக்குக் கீழே இருட்டில் நிற்கிறார்கள். விருமாண்டி இருக்கிற இடம் தெரியவில்லை, சாவியின் நுனி மட்டும் லேசாக மின்னுகிறது. உங்கள் முகத்துக்கு மட்டும் அவள் தனி விளக்கு வைத்திருந்ததால் அது மேகத்துக்குள்ளே இருந்து பார்க்கிறது. "வெயில முன்னாடி மாத்தேன்" என்றேன். "மாத்தினா இன்னும் ரெண்டு நாள் ஓடணும்ப்பா, ஃபேன் தருவீங்களா?" என்றாள். ஃபிளெக்ஸ் கடை ஹரிஷ்குமார் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இது காது குத்துக்கா, காரியத்துக்கா?" என்று கேட்டார். அப்போதே அதைக் கைவிட்டோம். அப்படி ஒரு படம் உங்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று ஹரிஷ்குமாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

நேற்றைய முடிவு இதற்குப் பிறகு எடுக்கப்பட்டதுதான். இனி தூரமும் இல்லை, வெயிலும் இல்லை. ஹரிஷ்குமார் பழைய முறைப்படி வெட்டி ஒட்டுவார். நடுவில் உங்கள் தலை, நாற்பத்திரண்டு சென்டிமீட்டர், கூலிங்கிளாஸோடு. பக்கத்தில் சிங்கம். "சிங்கம் கேக்காமயே வச்சிருவோம்ணே, வைக்காம விட்டாத்தேன் சண்டைக்கு வருவாங்க" என்றார். விருமாண்டி கீழ் வரிசையில், முப்பது சென்டிமீட்டர், சாவி சட்டைப்பைக்குள். அவனும் சம்மதித்துவிட்டான். "அண்ணே, எனக்குப் பெருசு சிறுசு கெடையாது, எல்லார் மாதிரி வெளிச்சத்துல நின்னாப் போதும்" என்றான். தாமரைச்செல்விதான் சங்கடப்பட்டாள். ஆறு வாரம் செய்த வேலை. கடைசியில், ஃபிளெக்ஸில் எந்த மூலையிலும் அவள் பெயர் வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையில் ஒத்துக் கொண்டாள். தவிர, இனிமேல் சொந்தக்காரர்கள் யாரையும் கம்ப்யூட்டருக்குள் நிறுத்துவதில்லை என்று உங்கள் தங்கையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள்.

எனவே பழைய அளவுகளை மனதில் வைக்காமல், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குள் மண்டபத்துக்கு வந்து, மடி கொடுத்து, குழந்தைக்குக் காது குத்தித் தர வேண்டும். நடந்த எல்லாவற்றுக்கும் குடும்பத் தலைவன் என்ற முறையில் முழு மன்னிப்புக் கேட்டுக் கொள்கிறேன். டிவிக்குப் பக்கத்தில் இருந்த களிமண் தலைகளில் உங்களுடையது எது என்று தாமரைச்செல்வியிடம் கேட்டு, உங்கள் தங்கை அதைச் சாமி படத்துக்குக் கீழே எடுத்து வைத்திருக்கிறாள்.

உங்கள் தோட்டம் தழைக்கவும், ஆடு மாடு பெருகவும், மீசை இதே நிலையில் நீடிக்கவும் திருப்பரங்குன்றத்து முருகனை வேண்டி நிற்கிறோம். அன்னக்கொடி அக்காவுக்கு எங்கள் அன்பு. பவதாரிணி உங்களுக்குத் தரச் சொல்லிய முத்தம் மூன்று.

இப்படிக்கு,
பெ. தவமணி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போனால் சரியான ஸ்டாம்ப் இல்லாமல் திரும்ப வேண்டியதாகி, இரண்டு நாள் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. இன்று புதன்கிழமை. அதற்குள் ஹரிஷ்குமார், உங்கள் கண்ணில் படக்கூடாது என்று நான் சொல்லியிருந்த அந்த இருட்டுப் படத்தைத் தன் வேலைக்கு மாதிரியாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். நீங்கள் அதைப் பார்த்துவிட்டுத் தாமரைச்செல்விக்கு போன் செய்து, "இதுதேன்த்தா ஃபிளெக்ஸு. மொத்தச் சனமும் என் நெழல்ல நிக்குது பாரு" என்று சொன்னதையும், சிங்கம் வேண்டாம் என்று சொன்னதையும், அதில் அவள் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னதையும், நூற்றொரு தட்டோடு கட்டாயம் வருவதாகச் சொன்னதையும் அவள் இப்போதுதான் சொன்னாள். ஆகவே மேலே உள்ள மன்னிப்பு, நாற்பத்திரண்டு சென்டிமீட்டர், சத்தியம் எல்லாவற்றையும் ரத்து செய்ததாகக் கொள்ளவும். நீங்கள் ஹரிஷ்குமாரிடமே நேராகச் சொன்னபடி அவர் ஆட்கள் நாற்பது அடி நீளத்தில் மூன்று அடித்து, ஒன்றைச் செக்கானூரணியிலும், ஒன்றைத் திருப்பரங்குன்றம் பஸ் ஸ்டாப்பிலும், ஒன்றை விருமாண்டி வீட்டுக்கு எதிரிலும் இன்று அதிகாலையிலேயே கட்டிவிட்டார்கள். விருமாண்டி பல் விளக்கிக் கொண்டே வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குடும்பத்தோடு எட்டு மணி பஸ்ஸில் திருப்பூருக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை திரும்புகிறானாம். மண்டபத்துச் சாவி அவன் சட்டைப்பையில் இருக்கிறது.